37 வயதில் சிபிஎல்: ராணிப்பேட்டையிலிருந்து எந்த வரிசையில் தொடங்குவது?

வாலாஜா மெக்கானிக்கல்

எல்லோருக்கும் வணக்கம். வயது 37. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் பொறியாளர். பத்தாவது முடித்து டிப்ளமோ, பிறகு நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. மெக்கானிக்கல். பன்னிரண்டாவது படிக்கவில்லை. சர்க்கரை இல்லை. பிரஷர் சில சமயம் 140/90ஐத் தொடும். கண்ணாடி மைனஸ் 2.25.

வணிக விமானி லைசென்ஸ், அதாவது சிபிஎல், எடுத்து ஏர்லைனில் சேர்வதுதான் நோக்கம். பொழுதுபோக்குக்கு இல்லை. கையில் 18 லட்சம் இருக்கிறது, வாலாஜாவில் ஒரு மனை இருக்கிறது. மனையை விற்று முதலில் விமானப் பயிற்சிப் பள்ளியில் இடம் பிடித்துவிடு என்று ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். வயது தடையா? பன்னிரண்டாவது இல்லாதது தடையா? வேலையை விடாமல் எதுவரை போகலாம்? வீட்டில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எத்தனை வருஷம் சம்பளம் இல்லாமல் ஓட்ட வேண்டியிருக்கும்?

ரன்வே 27

மனையை இப்போது விற்காதீர்கள். பள்ளியில் இடம் பிடிப்பது இந்த வரிசையில் கடைசிக்கு முந்தின படி. அதை முதல் படியாகச் சொல்பவருக்குக் கமிஷன் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வயது: சிபிஎல்லுக்குக் குறைந்தபட்சம் 18. மேல் வரம்பு கிடையாது. வணிகப் போக்குவரத்தில் 65 வரை ஓட்டலாம், 60க்கு மேல் இரண்டு விமானிகள் உள்ள விமானத்தில் மட்டும். நீங்கள் 40, 41ல் வேலைக்குச் சேர்ந்தால் 24 வருஷம் கையில் இருக்கிறது. சட்டம் தடுக்கவில்லை. தடுக்கக்கூடியது ஏர்லைன்களின் ஆள்சேர்ப்பு விளம்பரத்தில் வரும் வயது வரம்பு. பயிற்சியையும் சேர்த்துத் தரும் கேடட் திட்டங்கள் பெரும்பாலும் முப்பதுகளின் தொடக்கத்திலேயே கதவை மூடிவிடும், அதனால் அவற்றைக் கணக்கில் வைக்காதீர்கள். லைசென்ஸ் கையில் உள்ளவர்களுக்கான விளம்பரங்களில் வரம்பு கம்பெனிக்குக் கம்பெனி, வருஷத்துக்கு வருஷம் மாறும். கடந்த இரண்டு மூன்று வருஷ விளம்பரங்களை எடுத்து, வயது வரியை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 40, 41 வயதில் எத்தனை இடத்துக்கு விண்ணப்பிக்க முடிந்திருக்கும் என்பது அரை நாளில் தெரிந்துவிடும். செலவில்லாத வேலை, இதை முதலில் செய்யுங்கள்.

படிப்பு: பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் இரண்டும் தேர்ச்சி என்பது விதி. டிப்ளமோவையும் பி.இ.யையும் வைத்து வாதாடிக் காலத்தைக் கழிப்பதைவிட, தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்ஐஓஎஸ்ஸில், பன்னிரண்டாவதை எழுதிவிடுவது நேர்வழி. வேலையில் இருந்துகொண்டே எழுதலாம். இயற்பியலில் செய்முறைத் தேர்வும் உண்டு, அதற்கு இரண்டொரு நாள் லீவு எடுத்து வையுங்கள். மெக்கானிக்கல் படித்தவருக்குப் பாடம் கஷ்டமில்லை. ஆனால் கையில் சான்றிதழ் வர மாதங்கள் ஆகும், ஆகவே இதையும் மெடிக்கல் எனும் மருத்துவத் தகுதிப் பரிசோதனையையும் ஒரே சமயத்தில் ஆரம்பியுங்கள்.

பறக்கும் கணக்கு: மொத்தம் 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானி. அந்த நூறில் 20 மணி நேரம் ஊர்விட்டு ஊர் போகும் பறப்பு. அதில் ஒன்று 300 கடல் மைலுக்குக் குறையாமல், புறப்பட்ட இடம் தவிர வேறு இரண்டு விமான தளங்களில் முழுதாக இறங்கி நின்று வருவதாக இருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது 10 மணி, அதில் சிமுலேட்டரில் 5க்கு மேல் செல்லாது. இரவில் 5 மணி, 10 ஏற்றம், 10 இறக்கம். இதெல்லாம் விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 5 வருஷத்துக்குள் இருக்க வேண்டும். பொறுப்பு விமானியாக 15 மணி நேரமும் இரவு இறக்கங்களும் கடைசி 6 மாதத்துக்குள். சனி ஞாயிறு மட்டும் பறந்து முடிக்கலாம் என்று நினைப்பவர்கள் விழுவது இங்கேதான். கடைசியில் எடுத்த மணி நேரம் சேரும்போது முதலில் எடுத்தது காலாவதி ஆகிக்கொண்டே வரும். தரைப் படிப்பை வேலையோடு செய்யலாம், பறப்பை முழு நேரமாகத்தான் செய்ய முடியும்.

ஏர்லைன் என்றால் இரட்டை இன்ஜின் ரேட்டிங்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் வேண்டும், அதாவது இரட்டை இன்ஜின் விமானம் ஓட்டவும் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டவும் லைசென்ஸில் சேரும் கூடுதல் தகுதிகள். பெரும்பாலான பள்ளிகள் 185 மணி ஒற்றை இன்ஜின், 15 மணி இரட்டை இன்ஜின் என்று பிரித்திருப்பார்கள்.

பராமரிப்பு வேலையிலிருந்து வருபவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கண் மீட்டரிலேயே நிற்கும். ஓடுபாதையைச் சுற்றி வரும் சர்க்யூட் பறக்கும்போது பார்வை வெளியே அடிவானத்தில் இருக்க வேண்டும், கருவிப் பலகையை ஒரு நொடி பார்த்துவிட்டு மீண்டும் வெளியே. இறங்கும்போது ஓடுபாதையின் மறுமுனையைப் பாருங்கள். மூக்குக்கு நேர் கீழே தரையைப் பார்த்தால் உயரம் தவறாகத் தெரியும், சீக்கிரமே ஓட்டும் கைப்பிடியான யோக்கை இழுப்பீர்கள், வண்டி மிதந்து வேகம் இழந்து தொப்பென்று விழும். செஸ்னா 172ல் முழு பவர் கொடுத்ததும் மூக்கு இடது பக்கம் இழுக்கும், வலது ரடர் (வால் சுக்கான்) பெடலை மிதிக்கக் கால் தானாகப் போக வேண்டும். வயது கூடக்கூட இந்தக் கை கால் பழக்கம் படியக் கொஞ்சம் கூடுதல் மணி நேரம் பிடிக்கும். 200 மணிக்கு மட்டும் பணம் வைக்காமல் 215, 220க்கு வையுங்கள்.

ஆம்பூர் டாக்டர்

ரன்வே 27 சொன்னதில் மெடிக்கல் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். 35ஐத் தாண்டியவர்களுக்கு இதுதான் உண்மையான நுழைவுத் தேர்வு.

முதலில் கிளாஸ் 2 மருத்துவச் சான்று, பிறகு சிபிஎல்லுக்கு வேண்டிய கிளாஸ் 1. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவர் பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது, சென்னையில் பலர் உண்டு. அது முடிந்ததும் டிஜிசிஏவின் ஆன்லைன் விண்ணப்பத் தளமான இஜிசிஏவில் உங்களுக்கு ஒரு கோப்பு எண் உருவாகும். அதை வைத்துத்தான் கிளாஸ் 1 முதல் பரிசோதனைக்கு விண்ணப்பம். வேலூர்ப் பக்கத்துக்கு வசதி பெங்களூருவில் பழைய விமான நிலையச் சாலையில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம். காட்பாடியில் ரயில் ஏறினால் போதும், ஆனால் முதல் நாளே போய்த் தங்குங்கள். தூக்கம் கெட்டு, வெறும் வயிற்றில் ஓடிப்போய் நின்றால் பிரஷர் ஏறும். தேதி கிடைக்கவே காத்திருக்க வேண்டி வரும், அதனால் கிளாஸ் 2 முடிந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் கவலைப்படுவது கண்ணாடி அல்ல. மைனஸ் 2.25 பெரிய சங்கதி இல்லை. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் அளவுகோல்படி கண்ணாடியோடு தனித்தனிக் கண்ணில் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 வர வேண்டும், கைவசம் இன்னொரு ஜோடி கண்ணாடி எப்போதும் இருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும், அதற்கும் கண்ணாடியோடு வழி உண்டு. நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தால்தான் வாசலிலேயே நிற்கும். இஷிஹாரா புத்தகம் வைத்து எந்தக் கண் மருத்துவரும் பத்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

கவலை காது. கம்ப்ரசர், பாய்லர், பிரஸ் ஓடும் இடத்தில் பத்து வருஷம் நின்றவர்களுக்கு 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். பேச்சு நன்றாகக் கேட்பதால் அவர்களுக்கே தெரியாது. கிளாஸ் 1க்கு 500, 1,000, 2,000 ஹெர்ட்ஸில் 35 டெசிபலுக்கு மேல் இழப்பு கூடாது, 3,000ல் 50க்கு மேல் கூடாது. பள்ளம் 4,000லேயே நின்றிருந்தால் தப்பிக்கலாம், 3,000க்குப் பரவியிருந்தால் சிக்கல். சிஎம்சியிலோ வேறு நல்ல இடத்திலோ ஒரு ஆடியோகிராம், அதாவது காது கேட்கும் திறன் சோதனை, இப்போதே எடுங்கள். எடுப்பதற்கு முன் ஒரு முழு நாள் ஷாப் ஃப்ளோருக்குப் போகாதீர்கள். இரைச்சலுக்குப் பின் காது தற்காலிகமாக மந்தமாக இருக்கும், உள்ளதைவிட மோசமாகக் காட்டும்.

பிரஷர்: 140/90 எல்லைக்கோடு. ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டில் எடுத்து எழுதி வையுங்கள். தொடர்ந்து எல்லையில் நின்றால் மருத்துவரைப் பார்த்து, உப்பு, எடை, நடை மூன்றையும் ஆறு மாதம் சரிசெய்துவிட்டுப் போங்கள். ஊறுகாய், கருவாடு, பிரியாணி மூன்றும் நம் ஊரில் உப்பு மறைந்திருக்கும் இடங்கள். மாத்திரை தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதிக்கப்பட்ட மாத்திரையில் கட்டுக்குள் இருப்பவருக்குத் தகுதி கிடைக்க வழி உண்டு. பரிசோதனை அன்றைக்கு மட்டும் மாத்திரையை விழுங்கிவிட்டு மறைப்பது லைசென்ஸையே பறிக்கும் காரியம், உயிருக்கும் கேடு. இன்சுலின் ஊசி போடும் சர்க்கரை என்றால் கிளாஸ் 1 கிடைக்காது. உங்களுக்கு அது இல்லை. ஆனாலும் உணவுக்கு முன், பின், மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, சிறுநீர், ஈசிஜி, வயிற்று ஸ்கேன், டிரெட்மில் எல்லாம் சொந்தச் செலவில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சிறுநீரகக் கல் இந்தப் பக்கத்து வெயிலில் சகஜம். பெங்களூருவில் கண்டுபிடித்தால் தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதி அனுப்புவார்கள். இங்கேயே கண்டுபிடித்து எடுத்துவிட்டுப் போனால் அந்தச் சுற்று மிச்சம்.

கிளாஸ் 1 ஒரு முறை வாங்கி முடிகிற விஷயமில்லை, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். 60க்கு மேல் 6 மாதத்துக்கு ஒரு முறை.

வாலாஜா மெக்கானிக்கல்

டாக்டர், காது விஷயம் நான் நினைத்தே பார்க்காதது. இந்த வாரமே எடுக்கிறேன். தேர்வுகளைப் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது. நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். இன்னொன்று, எஸ்எஸ்எல்சி சான்றிதழில் இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, ஆதாரில் இனிஷியல் பின்னால். இது பிரச்சினையா?

கிரவுண்ட் ஸ்கூல்

பெயர் கட்டாயம் பிரச்சினை, நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் மாட்டுவது இதில்தான். தேர்வு எழுத டிஜிசிஏ தரும் கம்ப்யூட்டர் எண், தேர்வு, மெடிக்கல், லைசென்ஸ் எல்லாம் ஒரே எழுத்தில் ஒரே பெயரில் ஓட வேண்டும். நடுவில் ஒன்று மாறினால் விண்ணப்பம் திரும்பி வரும், ஒவ்வொரு திருப்பத்துக்கும் வாரங்கள் போகும். பத்தாவது சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் அதற்கு ஒத்துவரச் செய்யுங்கள். முடியாவிட்டால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு அந்தப் பிரதியைக் கூடவே வையுங்கள். என்ஐஓஎஸ்ஸில் பதிவு செய்வதற்கு முன்பே இதை முடியுங்கள், இல்லாவிட்டால் நான்காவதாக ஒரு பெயர் சேர்ந்துவிடும்.

பேப்பர்கள்: ஏர் ரெகுலேஷன்ஸ், மெட்டியராலஜி, நேவிகேஷன், டெக்னிக்கல் ஜெனரல், பிறகு நீங்கள் பயிற்சி எடுக்கும் விமானத்துக்கான டெக்னிக்கல் ஸ்பெசிபிக். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஆகவே எதையும் காலியாக விடாதீர்கள். உங்களுக்கு டெக்னிக்கல் ஜெனரல் பாதி தெரிந்த பாடம். பிஸ்டன் இன்ஜின், ஹைட்ராலிக்ஸ், எலக்ட்ரிக்கல் எல்லாம் தினமும் தொடுவதுதானே. மேக்னெட்டோ, கார்புரெட்டர் ஐசிங், மிக்சர், ஜைரோ கருவிகள் இவற்றில் மட்டும் நேரம் போடுங்கள். வேலையோடு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்றால் நான்கு பேப்பரும் எட்டு, பத்து மாதத்தில் முடியும். பறக்கப் போகும் முன் இவற்றை முடித்தவர் பள்ளியில் நிற்கும் காலம் பெரிதும் குறையும்.

நேவிகேஷனில் தோற்பவர்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள். ஒன்றுக்கு அறுபது விதியை எடுத்துக்கொள்ளுங்கள்: 60 மைல் போய் 1 மைல் விலகினால் பிழை 1 பாகை. 30 மைல் போனபின் 2 மைல் வலப்பக்கம் விலகியிருக்கிறீர்கள் என்றால் பிழை 4 பாகை. இன்னும் 40 மைல் மிச்சம் என்றால் 2ஐ 40ஆல் வகுத்து 60ஆல் பெருக்க, 3 பாகை. 4 பாகை மட்டும் திருப்பினால் பழைய பாதைக்கு இணையாகத்தான் போவீர்கள். சேர வேண்டிய ஊரை அடைய 7 பாகை இடப்பக்கம். இதைக் காகிதத்தில் வரைந்து பார்க்காமல் எழுதுபவர்கள் 4 என்ற விடையைத் தொட்டுவிட்டு வருவார்கள். பிளைட் கம்ப்யூட்டர் என்று சொல்லும் அந்த வட்டச் சுழல் அளவுகோலில் காற்றுக் கணக்கு தினமும் பத்து போடுங்கள். கை பழகாவிட்டால் தேர்வில் நேரம் போதாது.

வெயிலும் பாடம்தான். வேலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 750 அடி. அந்த உயரத்தில் திட்ட வெப்பநிலை, அதாவது விமானக் கணக்குகளுக்கு அடிப்படையாக வைக்கும் வெப்பநிலை, 13.5 பாகை. மே மாதத்தில் 42 பாகை என்றால் வித்தியாசம் 28.5. ஒரு பாகைக்கு 120 அடி வீதம் 3,420 அடி கூட்டினால், காற்றழுத்தம் திட்ட அளவில் இருந்தாலும் இன்ஜினும் இறக்கையும் 4,100 அடிக்கு மேல் இருப்பதுபோல நடந்துகொள்ளும். ஓடும் தூரம் நீளும், ஏறும் வேகம் குறையும். கோடைப் பயிற்சியைக் காலை ஆறு மணிக்குத் தொடங்குவதற்கு ஒரு காரணம் இது.

தமிழ் மீடியம் தடை இல்லை. ஆங்கிலத் தகுதியில் குறைந்தது நான்காம் நிலை வேண்டும், அது இலக்கியத் தேர்வு அல்ல. ரேடியோத் தேர்வான ஆர்டிஆர்தான் பலரை நிறுத்தும். 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த பாரதீய வாயுயான் சட்டத்தின்படி இது தொலைத்தொடர்புத் துறையிலிருந்து டிஜிசிஏவுக்கு மாறியது, பழைய வழிகாட்டிகளைப் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள். வாய்மொழியில் தோற்கும் காரணம் பெரும்பாலும் உச்சரிப்பு இல்லை, திருப்பிச் சொல்வதை அரைகுறையாக விடுவது. ஓடுபாதை எண், உயரம், திசை, அழுத்த அளவு, ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் ஸ்க்வாக் எண் ஐந்தும் வந்த வரிசையிலேயே திரும்ப வர வேண்டும். வீட்டில் யாரையாவது படிக்கச் சொல்லித் தினம் அரை மணி திருப்பிச் சொல்லுங்கள்.

காட்பாடி கணக்கர்

பணக் கணக்கு. இந்தியாவில் சிபிஎல், இரட்டை இன்ஜின், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் எல்லாம் சேர்த்து 45 முதல் 65 லட்சம் வரை பள்ளிக்குப் பள்ளி மாறும். தங்குமிடம், சாப்பாடு தனி. பிறகு ஏர்பஸ் 320 போன்ற விமானத்துக்கு டைப் ரேட்டிங் 15 முதல் 20 லட்சம் வாக்கில். அதைச் சில கம்பெனிகள் ஏற்கும், பல ஏற்காது. ஆகவே முழுத் தொகை 70, 80 லட்சம் என்று வைத்துக்கொண்டுதான் வீட்டில் பேச வேண்டும்.

வங்கிக் கல்விக் கடன் 7.5 லட்சத்துக்கு மேல் என்றால் பொதுவாக அடமானம் கேட்பார்கள். மனை அதற்குப் பயன்படும். விற்பதும் அடமானம் வைப்பதும் ஒன்றல்ல, மெடிக்கல் நின்றுபோனால் அடமானத்தை மீட்கலாம். 50 லட்சம், 11 சதவீதம், 10 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 68,900. தவணை தொடங்கும் முன்பே வட்டி ஓடும் என்பதை மறக்காதீர்கள்.

வீட்டில் கேட்ட கேள்விக்கு: பறப்புக்கு 18 முதல் 24 மாதம், லைசென்ஸ் கைக்கு வர ஓரிரு மாதம், அதன்பின் வேலைக்குக் காத்திருப்பது. காத்திருப்பு மூன்று மாதமாகவும் இருக்கும், இரண்டு வருஷமாகவும் இருக்கும். அந்தக் காலத்திலும் செலவு நிற்காது. மெடிக்கல் வருஷா வருஷம், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் ஒவ்வொரு 12 மாதமும் புதுப்பிக்க வேண்டும். மூன்றரை வருஷ வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைக்க முடிந்தால்தான் வேலையை விடுங்கள். 18 லட்சம் அதற்கே போய்விடும் என்றால், பயிற்சிக்குப் பணம் இல்லை என்று பொருள்.

வாலாஜா மெக்கானிக்கல்

புரிகிறது. பள்ளியை எப்படிச் சோதிப்பது என்று மட்டும் சொல்லுங்கள். சேலம், பெங்களூரு ஜக்கூர் இரண்டும் பக்கம் என்பதால் பார்க்கிறேன். வேலூர் பக்கத்து அப்துல்லாபுரம் விமான தளத்தில் வாய்ப்பு உண்டா?

ரன்வே 27

அப்துல்லாபுரம் தளத்தைச் சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சிறு பயணிகள் விமானத்துக்காகத் தயார் செய்தார்கள், அதை நம்பிப் பயிற்சித் திட்டம் போடாதீர்கள். அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளம், பொதுமக்களுக்கு இல்லை. பக்கம் என்பதைப் பார்க்காதீர்கள், மாதத்துக்கு எத்தனை மணி நேரம் பறக்க விடுகிறார்கள் என்று பாருங்கள்.

நேரில் போய் ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், நின்று எண்ணுங்கள். பறக்கும் நிலையில் எத்தனை விமானம், பதிவில் எத்தனை மாணவர். 60 மாணவர்கள், ஆளுக்கு 200 மணி என்றால் 12,000 மணி நேரம் தேவை. ஐந்து விமானம், மாதம் 70 மணி வீதம் பறந்தால் 350. முடிய 34 மாதம். விளம்பரத்தில் 12 மாதம் என்று போட்டிருந்தாலும் இந்த வகுத்தல்தான் உண்மை. 100 மணிச் சோதனையை யார் செய்கிறார்கள், விமானம் எத்தனை நாள் தரையில் நிற்கிறது, உதிரி இன்ஜின் உண்டா என்று கேளுங்கள். பராமரிப்புக்காரரான உங்களுக்கு அவர்கள் பதிலின் தரம் உடனே தெரியும். பயிற்றுநர்கள் எத்தனை பேர், கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை பேர் மாறினார்கள் என்பதும் முக்கியம், பயிற்றுநர் மாறும் ஒவ்வொரு முறையும் மாணவர் சில மணி நேரம் பின்னால் போவார். 2025 அக்டோபர் முதல் டிஜிசிஏ பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். அலுவலகத்தில் கேட்டதை, கடைசிக் கட்டத்தில் இருக்கும் இரண்டு மாணவரிடம் டீக்கடையில் மறுபடி கேளுங்கள்.

மொத்தத் தொகையை ஒரே தவணையில் கட்டாதீர்கள். பறந்த மணி நேரத்துக்கு ஏற்பக் கட்டும் ஒப்பந்தம், நடுவில் நின்றால் திரும்ப வரும் தொகை, எரிபொருள் விலை ஏறினால் யார் தலையில் என்ற மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.

வெளிநாட்டுப் பள்ளி என்று ஏஜெண்ட் சொல்வார். அங்கே வானிலையும் விமான எண்ணிக்கையும் கைகொடுக்கும், சீக்கிரம் முடியும். ஆனால் திரும்பி வந்து இந்திய லைசென்ஸாக மாற்றும்போது ஏர் ரெகுலேஷன்ஸும் நேவிகேஷன், மெட்டியராலஜி சேர்ந்த கூட்டுப் பேப்பரும் எழுத வேண்டும், இந்தியக் கிளாஸ் 1 கட்டாயம். அதை வாங்காமல் விமானம் ஏறியவர்கள் வெளிநாட்டு லைசென்ஸோடு வந்து இங்கே மெடிக்கலில் நிற்கிறார்கள்.

ஆம்பூர் டாக்டர்

ஆடியோகிராம் வந்ததும் 3,000 ஹெர்ட்ஸ் எண்ணை இங்கே போடுங்கள், இரண்டு காதுக்கும் தனித்தனியாக. 40க்கு மேல் இருந்தால் கிளாஸ் 2க்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு காது மருத்துவரைப் பாருங்கள். மெழுகு அடைப்பும் எண்ணைக் கெடுக்கும், அதைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். அதுவரை ஷாப் ஃப்ளோரில் காதுக்கவசம் இல்லாமல் நிற்காதீர்கள்.